போர் தண்ணீர் குடிக்கிற வீடா? வயசு வாரியாக என்ன பார்க்கணும்

கெலவரப்பள்ளி அணையிலிருந்து தென்பெண்ணையில் வெள்ளை நுரை பொங்கி வந்தால் அன்றைக்கே வீடியோ சுற்ற ஆரம்பித்துவிடும். பெங்களூரு பக்கத்துச் சாக்கடையும் ஆலைக் கழிவும் கலந்து வருவது கண்ணுக்கும் தெரிகிறது, மூக்குக்கும் தெரிகிறது. ஆனால் தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் நெடுங்காலமாக ஆட்களை முடக்கிவரும் சமாச்சாரத்துக்கு நிறம் கிடையாது, நாற்றம் கிடையாது, ருசியும் கிடையாது. ஃபுளோரைடுதான். தெளிந்து, சில்லென்று, குடிக்க அருமையாக இருக்கிற போர் தண்ணீரிலும் அது இருக்கலாம்.

இதில் ஆளை ஏமாற்றும் விஷயம், உடம்புக்குள் போகிற காலமும் பாதிப்பு வெளியே தெரிகிற காலமும் வேறு வேறு என்பதுதான். இரண்டு வயசில் குடித்தது ஏழு வயசில் பல்லில் தெரியும். இருபதில் குடிக்க ஆரம்பித்தது நாற்பதில் முதுகில் பிடிக்கும். அதனால் "பரம்பரையா இதைத்தானே குடிக்கிறோம், எங்களுக்கு ஒண்ணும் ஆகலையே" என்கிற பேச்சுக்கு அர்த்தமில்லை. ஒரே குடத்துத் தண்ணீர்தான், ஆனால் பால்புட்டிக் குழந்தைக்கு ஒரு மாதிரி, பள்ளிக்கூடப் பிள்ளைக்கு ஒரு மாதிரி, வெயிலில் கல் உடைக்கிறவருக்கு ஒரு மாதிரி, கிட்னி தளர்ந்த தாத்தாவுக்கு வேறு மாதிரி வேலை செய்கிறது. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், யாருக்கு என்ன வயசு என்று பார்த்து அந்த வரிசையில் இறங்குவதுதான் சரி.

முதலில் தண்ணீரைச் சோதித்துப் பாருங்கள்

சோதிக்காமல் மேற்கொண்டு எதையும் முடிவு பண்ண முடியாது. நம் ஊரில் மண்ணுக்கு அடியில் இருப்பது கிரானைட், நைஸ் என்கிற கெட்டிப் பாறைகள். அந்தப் பாறையில் அபடைட், பயோடைட் மாதிரி ஃபுளோரைடு உள்ள கனிமங்கள் கலந்திருக்கின்றன. மழை குறைந்து, தண்ணீர் பாறை இடுக்கில் நெடுநாள் தங்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வருகிறது. "இன்னும் 300 அடி இறக்கினா நல்ல தண்ணி வரும்" என்று சொல்வதை நம்பி இறக்கினால் நல்ல தண்ணீர் வரும் என்பதற்கு ஒரு உத்தரவாதமும் இல்லை, ஆழத்தில் பாறையோடு கிடந்த தண்ணீரில் அளவு கூடுதலாகவும் இருக்கலாம். பக்கத்து வீட்டு போர் ரிப்போர்ட்டும் உங்களுக்கு உதவாது. பாறை வெடிப்பு எந்தப் பக்கம் ஓடுகிறதோ அதைப் பொறுத்து இரண்டு போருக்கும் ஒட்டே இல்லாமல் இருக்கும்.

பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறது, அதனால் ஃபுளோரைடு அதிகம் என்று பலர் நினைக்கிறார்கள். அது கால்சியம், மெக்னீசியத்தால் வரும் கடினத்தன்மை. உண்மையைச் சொன்னால் கால்சியம் குறைந்து, சோடியமும் பைகார்பனேட்டும் கூடின தண்ணீரில்தான் ஃபுளோரைடு அதிகம் கரையும். சோறு நன்றாக வேகிறது, சோப்பு நுரைக்கிறது என்பதெல்லாம் பாஸ் மார்க் இல்லை. அப்புறம் ஆர்ஓ விற்க வருகிறவர் பேனா மாதிரி ஒரு டிடிஎஸ் மீட்டரை டம்ளரில் விட்டு 600, 800 என்று காட்டுவார். அது கரைந்திருக்கும் உப்பு மொத்தத்தையும் காட்டும் கருவி, அதில் ஃபுளோரைடு எவ்வளவு என்று அதற்குத் தெரியாது.

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டந்தோறும் ஆய்வகம் இருக்கிறது. அங்கே போய் ஃபுளோரைடு பார்க்கணும் என்று தனியாகச் சொல்லி, ஒரு லிட்டர் தண்ணீர் கொடுங்கள். மோட்டாரைப் போட்டு ஐந்து நிமிஷம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் பாட்டிலை இரண்டு மூன்று தடவை அலசிவிட்டுப் பிடிக்கணும். பிளாஸ்டிக் பாட்டில்தான் வேண்டும், கண்ணாடி கூடாது, ஏனென்றால் ஃபுளோரைடு கண்ணாடியோடு வினைபுரியும். எந்த போர், எந்தத் தேதி என்று மேலே எழுதி ஒட்டுங்கள். ஜல் ஜீவன் திட்டத்தில் பஞ்சாயத்துகளுக்குக் கொடுத்த பரிசோதனைப் பெட்டி உங்கள் ஊரில் இருந்தால் அதிலும் பார்க்கலாம். மருந்துச் சொட்டு விட்டு நிறத்தை அட்டையோடு ஒப்பிடுவார்கள். அனுமதிக்கப்பட்ட அளவை ஒட்டி வந்தால் அதை நம்பி விட்டுவிடாமல் ஆய்வகத்துக்கே போங்கள்.

ரிப்போர்ட்டில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை என்றால் சரி. இந்தியத் தர நிர்ணயப்படி வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை அனுமதி, உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையும் 1.5 தான். சின்னக் குழந்தை இருக்கிற வீட்டில் 1ஐத் தாண்டினாலே மாற்று தேடுங்கள் என்பது என் கருத்து. கோடையில் ஒரு தடவை, மழை முடிந்து ஒரு தடவை பார்த்துவிட்டால் உங்கள் போரின் குணம் தெரிந்துவிடும்.

ஒகேனக்கல் தண்ணீர் வருகிறதே என்பீர்கள். 2013ல் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் கடனுதவியோடு, 1,900 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்து, இந்த ஃபுளோரைடு பிரச்சினைக்காகவே இரண்டு மாவட்டத்துக்கும் கொண்டுவந்தது. காவிரித் தண்ணீர், தாராளமாகக் குடிக்கலாம். ஆனால் சில ஊர்களில் அது போதாமல் மேல்நிலைத் தொட்டியிலேயே போர் தண்ணீரையும் கலந்து ஏற்றுகிறார்கள். அதனால் போரில் மட்டும் பார்க்காமல் குழாயில் வருவதையும் ஒரு பாட்டில் பிடித்துக் கொடுங்கள். வாட்டர்மேனிடம் எந்த நாள் எது வருகிறது என்று கேட்டால் ஒளிக்காமல் சொல்லிவிடுவார். காவிரித் தண்ணீர் வரும் நாளில் குடிக்கவும் சமைக்கவும் பிடித்து வைத்துக்கொள்வது பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும்.

எது வேலை செய்யும், எது செய்யாது

கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாகிக் குறையும், உள்ளே இருப்பது அப்படியே நிற்கும், ஆக அடர்த்தி கூடத்தான் செய்யும். கேண்டில் ஃபில்டர், யூவி விளக்கு, மண் பானை எதுவும் பிரயோஜனமில்லை. செம்புக் குடத்தில் ராத்திரி ஊற்றி வைத்தால் போய்விடும் என்று வாட்ஸப்பில் வருகிறதே, அதுவும் கதைதான். ஆர்ஓ எடுக்கும். அதற்குள் வடிகட்டுகிற சவ்வு (மெம்பிரேன்) பழசானால் எடுப்பது குறையும், அதனால் வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஆர்ஓ தண்ணீரையும் சோதிக்கணும். அது வெளியே தள்ளுகிற கழிவுத் தண்ணீரில் ஃபுளோரைடு இன்னும் கெட்டியாக இருக்கும். அதைப் பிடித்து மாட்டுக்குக் காட்டுகிறவர்கள் உண்டு, வேண்டாம், மாட்டுக்கும் இதே பல் கறையும் கால் பிடிப்பும் வரும். கக்கூஸுக்கு ஊற்றுங்கள். படிகாரமும் சுண்ணாம்பும் போட்டுத் தெளிய வைக்கிற நல்கொண்டா முறை நல்ல முறைதான், ஆனால் அளவு தப்பினால் தண்ணீரில் அலுமினியம் தங்கிவிடும் என்பதால் வீட்டில் கைப்பக்குவத்தில் செய்கிற வேலை இல்லை.

மழைத் தண்ணீரில் ஃபுளோரைடு அநேகமாக இருக்காது. முதல் மழையை மொட்டைமாடி கழுவ விட்டுவிட்டு, அடுத்ததைப் பிடித்து மூடி வையுங்கள், குடிக்கும் முன் காய்ச்சுங்கள். 2 மில்லிகிராம் உள்ள போர் தண்ணீரில் பாதிக்குப் பாதி மழைத் தண்ணீர் கலந்தாலே 1க்கு வந்துவிடும்.

நல்ல தண்ணீர் நாளைக்கு இரண்டு குடம்தான் கிடைக்கிறது என்றால்? குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ போர் தண்ணீர் போதும், தோல் வழியாக இது உள்ளே போவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. நல்ல தண்ணீரை முதலில் கைக்குழந்தைக்கும் எட்டு வயசுக்குள் இருக்கிற பிள்ளைகளுக்கும் ஒதுக்குங்கள், அப்புறம் கர்ப்பிணிக்கும் கிட்னி நோயாளிக்கும், அப்புறம் சமையலுக்கு. சமையலை விட்டுவிடாதீர்கள். களி கிண்டும்போது மாவு குடிக்கிற தண்ணீர் முழுக்க வயிற்றுக்குத்தான் போகிறது, குழம்பும் அப்படியே. மீதி இருந்தால் மற்ற பெரியவர்கள் குடிக்கலாம்.

வயிற்றுப் பிள்ளை, கைக்குழந்தை

ஃபுளோரைடு நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளைக்குப் போகும். 2024ல் அமெரிக்க தேசிய நச்சியல் திட்டம், லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிற இடங்களில் குழந்தைகளின் ஐக்யூ குறைவாக இருப்பதோடு இதற்குத் தொடர்பு உண்டு என்று, ஓரளவு உறுதியோடு, அறிக்கை வெளியிட்டது. பயந்து உட்கார வேண்டியதில்லை, பிள்ளை உண்டானது தெரிந்த நாளிலிருந்து குடிக்கிற தண்ணீரை மாற்றினால் போதும்.

தாய்ப்பாலில் ஒரு நல்ல விஷயம், தாய் என்ன தண்ணீர் குடித்தாலும் பாலில் ஃபுளோரைடு மிக மிகக் குறைவாகத்தான் சுரக்கும். ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும் குடிக்கிற குழந்தை ஃபுளோரைடு பூமியிலும் பத்திரமாக இருக்கிறது. போர் தண்ணீரில் மாவுப்பால் கலக்கினால் அந்தப் பாதுகாப்பு அன்றைக்கே போச்சு. புட்டிப்பால்தான் என்றால் சோதித்த தண்ணீரில் மட்டும் கலக்குங்கள். ஆறு மாசத்துக்கு அப்புறம் ராகிக் கூழ், பருப்புச் சோறு எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

இந்த வயசில் தண்ணீரோடு புகையையும் பார்க்கணும். விறகடுப்புப் புகையில் நாள் முழுக்க நிற்கிற கர்ப்பிணிக்குப் பிறக்கும் குழந்தை எடை குறைவாகப் பிறக்க வாய்ப்பு அதிகம், ஐந்து வயசுக்குள் நிமோனியா வரும் வாய்ப்பும் அதிகம். கேஸ் இருக்கிற வீட்டிலும் வெந்நீர் போட, மாட்டுக்குத் தவிடு காய்ச்ச விறகு எரிகிறது. எரியட்டும், ஆனால் அதை வாசலுக்கோ பின்கட்டுக்கோ மாற்றுங்கள், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஊதாதீர்கள். அடுப்புப் பற்ற பால் கவரைப் போடுவதை இன்றைக்கே விடுங்கள்.

பள்ளிக்கூடப் பிள்ளைகள்

பெரியவர் உடம்பு உள்ளே வந்த ஃபுளோரைடில் பாதி அளவைச் சிறுநீரில் தள்ளிவிடும். வளர்கிற பிள்ளைக்கு எலும்பு இழுத்துக்கொள்வதால் பெரும்பகுதி உள்ளேயே தங்கும். பல் கறை வருவது ஈறுக்குள் எனாமல், அதாவது பல்லின் கெட்டியான மேல்பூச்சு, உருவாகிற காலத்தில், அதாவது பிறந்ததிலிருந்து சுமார் எட்டு வயசு வரை. மேல் முன்பற்களுக்கு ஆபத்தான காலம் ஒன்றிலிருந்து மூன்று வயசு வரைக்கும். அந்தப் பல் முளைத்து வெளியே தெரிய ஆறேழு வயசாகும்.

பார்க்கும் விதம் இது. பிள்ளையை ஜன்னல் பக்கம், பகல் வெளிச்சத்தில் நிற்க வையுங்கள். மேல் உதட்டைத் தூக்கி, முன்பல் இரண்டையும் சுத்தமான துணியால் ஈரம் போகத் துடையுங்கள், பல் காய்ந்தால்தான் கோடு தெளிவாகத் தெரியும். சாக்பீஸ் தடவின மாதிரி மங்கலான வெள்ளைக் கோடு, குறுக்காக ஓடி, இடது வலது இரண்டு பல்லிலும் ஒரே உயரத்தில் இருந்தால் ஃபுளோரைடாக இருக்க வாய்ப்பு அதிகம். காலப்போக்கில் அதுவே பழுப்பாக மாறும். ஒரே ஒரு பல்லில் மட்டும் திட்டு என்றால் பால்பல் காலத்தில் அடிபட்டதாக இருக்கலாம். ஈறு ஓரத்திலோ பல் இடுக்கிலோ கறுத்துக் குழிவிழுந்தால் சொத்தை. சந்தேகமென்றால் பல் டாக்டரிடம் காட்டுங்கள்.

கறை விழுந்துவிட்டால் அது எனாமலுக்குள்ளேயே இருக்கிறது, தேய்த்துப் போகாது. செங்கல் தூள், கரி, எலுமிச்சைச் சாறு என்று தேய்த்தால் எனாமல்தான் தேயும். பெண் பிள்ளைக்கு வரன் பார்க்கிற நேரத்தில் ஆசிட் போட்டுத் தேய்க்கிற கொடுமையெல்லாம் நடக்கிறது, அதற்குப் பல் டாக்டரிடம் முறையான சிகிச்சைகள் இருக்கின்றன. அதைவிட முக்கியமானது வீட்டில் இருக்கிற அடுத்த குழந்தை. அண்ணன் பல்லில் கோடு என்றால் அது தங்கச்சிக்கு வந்த ரிப்போர்ட், தண்ணீரை மாற்ற இன்னும் நேரம் இருக்கிறது.

வீட்டில் மாற்றிவிட்டு பள்ளிக்கூடத்தையும் அங்கன்வாடியையும் விட்டுவிடக் கூடாது. சத்துணவு எந்தத் தண்ணீரில் வேகிறது என்று பெற்றோர் கூட்டத்தில் கேளுங்கள். பல் பேஸ்டிலும் ஃபுளோரைடு இருக்கும் என்பதால் மூன்று வயசுக்குள் அரிசி அளவு, அதற்கு மேல் பட்டாணி அளவு போதும், துப்பப் பழக்குங்கள்.

சாப்பாட்டில் கால்சியம் இருந்தால் அது குடலிலேயே ஃபுளோரைடைப் பிடித்து வெளியே அனுப்பப் பார்க்கும். கால்சியம் குறைந்த பிள்ளைக்கு இதே தண்ணீரில் முழங்கால் உட்பக்கமாக வளைந்து முட்டிக்கொள்கிற அளவுக்குப் போகும். நம் ராகியில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. களியையும் முருங்கைக் கீரையையும் மோரையும் பழைய சாப்பாடு என்று ஒதுக்கிவிட்டு சத்து மாவு டப்பா வாங்குவது எனக்குப் புரிவதே இல்லை. நெல்லிக்காய், கொய்யாவும் சேருங்கள், வைட்டமின் சி வேண்டும். புளி தின்றால் சிறுநீரில் ஃபுளோரைடு கூடுதலாக வெளியேறுகிறது என்று ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் சிறிய ஆய்வு ஒன்று 2002ல் வந்தது. புளிக்குப் பேர்போன ஊர் நம்முடையது, புளிக்குழம்பு சாப்பிடுங்கள், ஆனால் அதை நம்பித் தண்ணீரை அப்படியே விடாதீர்கள். குடலிலிருந்து உடம்புக்குள் ஏறுவதைக் குறைப்பதற்குத்தான் சாப்பாடு, மாற்ற வேண்டியது தண்ணீர்.

வேலைக்குப் போகிற வயசு

இங்கே கணக்கு மாறுகிறது. லிட்டருக்கு 2 மில்லிகிராம் தண்ணீரை ஆபீஸில் உட்கார்ந்து 2 லிட்டர் குடிக்கிறவருக்கு நாளைக்கு 4 மில்லிகிராம். அதே தண்ணீரை மாந்தோப்பிலும் செங்கல் சூளையிலும் 5 லிட்டர் குடிக்கிறவருக்கு 10. எல்லா வழியிலும் சேர்ந்து நாளைக்கு 6 மில்லிகிராமுக்கு மேல் போனாலே எலும்புப் பாதிப்புக்கு வாய்ப்பு கூடுவதாக உலக சுகாதார நிறுவனம் 2002லேயே சொல்லியிருக்கிறது. கட்டன் டீ அடிக்கடி குடிப்பவருக்கு டீத்தூளிலிருந்தும் கொஞ்சம் சேரும், கருப்பு உப்பிலும் உண்டு. வேலைக்குப் போகும்போது நல்ல தண்ணீர் கேனைக் கையோடு எடுத்துப் போங்கள், தோட்டத்து மோட்டார் தண்ணீரை நம்பாதீர்கள்.

காலையில் முதுகும் கழுத்தும் விறைப்பாக இருக்கிறதா? மூன்று விஷயம் செய்து பாருங்கள். முழங்காலை மடக்காமல் குனிந்து தரையைத் தொடுங்கள். தாடையை நெஞ்சில் முட்டுங்கள். இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டி, மடக்கி, பின்னந்தலையைத் தொடுங்கள். தொப்பையாலோ பழக்கமின்மையாலோ குனிய முடியாமல் போகலாம், ஆனால் மூன்றுமே முடியவில்லை, ஊரில் உங்கள் வயசுக்காரர் நிறையப் பேருக்கும் இப்படித்தான் என்றால் வாத வலி மாத்திரை வாங்கி விழுங்கிக்கொண்டே இருக்காமல் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மாதிரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் முன்கை, இடுப்பு எக்ஸ்ரேயும் சிறுநீரில் ஃபுளோரைடும் பார்க்கச் சொல்லுங்கள். முற்றினால் தசைநாண்களில் சுண்ணாம்பு ஏறி முதுகு வளைந்து நின்றுவிடும், அதைத் திருப்ப மருந்து இல்லை. ஆரம்பத்தில் தண்ணீரை மாற்றினால் வலி குறைய வாய்ப்பிருக்கிறது.

தண்ணீர் தவிர இந்த வயசில் பார்க்க வேண்டிய ஆபத்து இன்னும் இரண்டு. பர்கூர், ஜெகதேவி பக்கம் கிரானைட் அறுக்கிறவர்களுக்குச் சிலிக்கா தூசி. நுரையீரலில் தழும்பு விழுந்தால் திரும்பாது, டிபி வரும் வாய்ப்பையும் கூட்டும். முகத்தில் கட்டுகிற துண்டு அந்த நுண்தூசியைத் தடுக்காது. தண்ணீர் ஊற்றி அறுப்பதுதான் முதல் பாதுகாப்பு, அதற்கு மேல் என்95 முகமூடி. இருமல் இரண்டு வாரம் விடாமல் இருந்தால் எக்ஸ்ரே எடுக்கும்போது கல் வேலை செய்வதை டாக்டரிடம் சொல்லிவிடணும், சொன்னால்தான் அவர் அந்தக் கோணத்தில் பார்ப்பார்.

அடுத்தது மா பூக்கிற சமயத்தில் தத்துப்பூச்சிக்கு அடிக்கிற மருந்து. காற்றுக்கு எதிராக நின்று அடிக்காதீர்கள், மூக்கில் மட்டும் துணி கட்டிக்கொண்டு வெறும் கையால் கலக்காதீர்கள், பல மருந்துகள் தோல் வழியாகவே ஏறும். அடித்த சட்டையைக் குழந்தைத் துணியோடு ஊற வைக்காமல் தனியாகத் துவைக்கணும். காலி டப்பாவில் தண்ணீர், எண்ணெய் எதுவும் ஊற்றி வைக்கக் கூடாது. ஓசூர் பக்கம் பூக் கூடாரத்தில் வேலை செய்கிற பெண்கள் மருந்து அடித்த பிறகு லேபிளில் போட்டிருக்கும் நேரம் கழியாமல் உள்ளே போகக் கூடாது, கர்ப்பிணி என்றால் வேறு வேலை கேட்டு வாங்கணும். வாயில் எச்சில் ஊறி, வேர்த்து, கண் பாப்பா சுருங்கி, மங்கலாகத் தெரிந்தால் மோர் குடித்துப் படுக்காமல் 108ஐக் கூப்பிட்டு மருந்து டப்பாவையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

ஆயா, தாத்தா

ஃபுளோரைடை வெளியேற்றுவது கிட்னி. வயசாக ஆக அது மெதுவாகும், சர்க்கரையும் பிரஷரும் இருந்தால் இன்னும் மெதுவாகும், அப்போது அதே தண்ணீர் உடம்பில் கூடுதலாகத் தங்கும். இனி மாற்றி என்ன ஆகப் போகிறது என்று வீட்டில் பெரியவர்களுக்கு மட்டும் பழைய போர் தண்ணீரையே கொடுப்பார்கள், அவர்களும் கேன் தண்ணீர் சப்பென்று இருக்கிறது என்று ஒதுக்குவார்கள். இரண்டுமே தப்பு. எலும்பில் படிந்தது உடனே போகாது, வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியே வரும், அது நடக்க மேற்கொண்டு உள்ளே போவது நிற்கணும். ருசி பிடிக்கவில்லை என்றால் துளசியோ சீரகமோ போட்டுக் காய்ச்சிக் கொடுங்கள்.

ஐம்பது வருஷம் விறகடுப்பில் நின்ற ஆயாவுக்கு மூச்சிரைப்பும் கண் புரையும் வயசால் மட்டும் வந்ததாக இருக்காது. புகைபிடித்ததே இல்லை என்று டாக்டர் விட்டுவிடப் போகிறார், அடுப்புக் கதையை நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனையை வருஷத்துக்கு ஒரு தடவை பாருங்கள். மூட்டு வலிக்கென்று கடையில் கேட்டு வாங்கிப் போடும் வலி மாத்திரை கிட்னியை இன்னும் கெடுக்கும். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அந்த ரத்த ரிப்போர்ட்டோடு தண்ணீர் ரிப்போர்ட்டையும் ஒரே கவரில் வைத்து எடுத்துப் போங்கள்.